‘கதையும்’ பட்ட பாடு

யாழ்ப்பாணம்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சானுக்கு,

நீ அனுப்பின வொயிஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். நானும் அப்படியே பதில் அனுப்பியிருக்கலாம், ஆனால் இந்த விஷயத்தை வாயால் சொல்லத் தொடங்கினால் கோபம் வந்துவிடுகிறது, அதுதான் எழுதுகிறேன். இங்கே சரியான வெக்கை. அம்மா சுகம், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. ரொறன்ரோவில் இன்னும் பனி என்கிறாய், கொஞ்சம் இங்கே அனுப்பு.

சரி, அந்தக் கொம்பனி விஷயம். சென்னையில் கிறிஸ்தவப் பாட்டு வெளியிடுகிற பெரிய இடம் ஒன்று, பெயர் எழுத்தில் வேண்டாம். என் பாட்டைக் கேட்டுவிட்டு அவர்களாகவே கூப்பிட்டார்கள். மிக்ஸிங், வீடியோ எல்லாம் அவர்கள் செலவு. ஒலிப்பதிவு முழுக்க அவர்களுக்குச் சொந்தம், உலகம் முழுவதுக்கும், எல்லாக் காலத்துக்கும். அதைக்கூட விழுங்கியிருப்பேன். பிறகு ஒரு தம்பி போன் எடுத்து மிகப் பணிவாகச் சொன்னான்: “அண்ணா, அந்த ‘கதையும்’ மட்டும் மாத்திடலாமா? இங்க யாருக்கும் புரியாது.”

நாங்கள் பேசுவதைக் கதைப்பது என்கிறோம், அங்கே அந்தச் சொல் இல்லையாம். உனக்குத் தெரியும் அந்த வரி. ‘என்னோடு ஒருக்கா கதையும் ஆண்டவரே.’ அது நான் யோசித்து எழுதினதே இல்லை. பெரியம்மா ராவில் விளக்கை அணைத்துவிட்டு மகனின் படத்துக்கு முன்னால் இருந்து, ஒருக்கா கதையன் அப்பன், ஒருக்கா கதையன் என்று சொல்லிக்கொண்டிருப்பா, அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்து கேட்ட பிள்ளை நான். அவர்கள் தந்த வரி ‘என்னோடு ஒருமுறை பேசும்’. பாடிப் பார்த்தேன், உண்மையாகவே. க-தை-யும் என்று மூன்று படியில் இறங்குகிற இடத்தில் பே-சும் என்று இரண்டு படிதான் கிடைக்கிறது, மிச்சத்தை இழுக்க வேண்டும். இழுத்தால் அழுகைபோல இல்லை, விளம்பரம்போல இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் மகனைத் தேடுகிற தாய் வருவதும் ‘கொஞ்சம் அரசியல்’ என்றார்களாம். கிளிநொச்சியில் அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் இருக்கத் தொடங்கியது 2017 மாசியில். அவர்களின் ஜெபத்தை எந்தப் பெட்டிக்குள் போடுவதாம்?

நீ சொன்னாய், அமெரிக்காவிலும் இதே கதைதான் என்று. தேடி வாசித்தேன், ஒரே சொல்லுக்காக அங்கேயும் நடந்திருக்கிறது. டெறெக் வெப் என்ற பாடகர் 2009இல் ஒரு பாட்டில் கெட்ட வார்த்தை ஒன்றை வைத்தார், சபையின் பாசாங்கைக் குத்துவதற்காகவே. கொம்பனி அந்தப் பாட்டை எடுத்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்பியது, முழு ஆல்பத்தையும் அவர் தன் இணையத்தளத்தில் விற்றார். அவருடையதாவது கெட்ட வார்த்தை மச்சான், என்னுடையது வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல்.

கீத் கிறீன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகரைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1979இல் ஸ்பரோ என்ற கிறிஸ்தவப் பாட்டுக் கொம்பனியிடம் கேட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். பிறகு வீட்டை ஈடு வைத்து அடுத்த ஆல்பத்தைச் செய்து, இயன்றதைத் தந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 1982இல் விமான விபத்தில் போய்விட்டார், வயது 28. அந்த ஸ்பரோவை 1992இல் ஈ.எம்.ஐ. என்ற பெரிய இசைக் கொம்பனி வாங்கியது, ஈ.எம்.ஐ.யை 2012இல் அதைவிடப் பெரிய யுனிவர்சல் வாங்கியது. ஆண்டவருக்கென்று தொடங்கின சின்னக் கடை எங்கே போய் முடிந்தது பார். ஆனால் கிறீனைக் காட்டி என்னையும் துணிந்து இறங்கு என்று சொல்லாதே. அவருக்கு ஏற்கெனவே கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஈடு வைக்க வீடும் இருந்தது. எனக்கு ஆர்மோனியம் இருக்கிறது, அதிலும் ஒரு கட்டை வேலை செய்யாது.

தனியாகச் செய்தால் மட்டும் சுதந்திரம் என்றும் நினைக்காதே. போன வருஷம் ஒரு போதகர் றெக்கோடிங் செலவைத் தருகிறேன் என்றார், கடைசியில் பார்த்தால் வீடியோவின் முகப்பில் அவருடைய படம், என்னுடையதை விடப் பெரிது. யூரியூபில் நான் போட்ட, பழைய கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைக்கு யாரோ உரிமை கோரினார்கள். மனிதர் 1864இல் காலமானவர்! நம் நாட்டுச் சட்டத்தில் எழுதினவர் இறந்து 70 வருஷத்தோடு உரிமை முடிகிறது. ஆட்சேபம் எழுதிப் போட்டேன், கோரியவர் பதில் சொல்ல 30 நாள் தவணை. அவர்கள் வாயே திறக்கவில்லை, கோரல் தானாக விழுந்தது. அந்த ஒரு மாதமும் நான்தான் கள்ளன்.

இப்போதெல்லாம் அடிக்கடி நினைவு வருவது நம்முடைய கசற்தான். கரண்ட் இல்லாத காலம், சைக்கிளைத் தலைகீழாக வைத்து நீ கையால் பெடல் சுற்ற, டைனமோவில் றெக்கோடர் ஓட, நான் பாட. உனக்குக் கை களைத்த இடங்களில் ஓட்டம் குறையும், திருப்பிப் போட்டால் அங்கேயெல்லாம் என் குரல் எலிபோலக் கீச்சிடும். இரண்டாம் பாட்டில் உன் இருமல்கூட இருக்கிறது. அதில் ஒரு சொல்லையும் மாற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை, மொத்தமே மூன்று பிரதி.

அவர்களுக்கு இன்னும் பதில் போடவில்லை. வீட்டில் போடு போடு என்கிறார்கள், காசு என்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் ‘பேசும்’ என்று பாடி அது பெரியம்மாவின் காதில் விழுந்தால், இது ஆருடைய பாட்டு என்றுதான் கேட்பா.

95 இடப்பெயர்வில் என் பிரதி போய்விட்டது. உன் தங்கச்சி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தா என்று ஞாபகம். கேட்டுப் பார். இருந்தால் அங்கே யாரிடமாவது கொடுத்து டிஜிற்றலாக மாற்றி அனுப்பு, இருமலை மட்டும் வெட்டச் சொல்லாதே.

அன்புடன்,
உன் ஆர்மோனியக்காரன்