வைக்கோல் கட்டுற மிஷின் ஓட்டுறவங்க கவனத்துக்கு

அண்ணன் தம்பிங்களா, மேலூர், வாடிப்பட்டி பக்கம் அறுப்பு முடிஞ்சு பேலர் எறங்கியாச்சு. இந்த வெயில்ல வைக்கோல் மொறுமொறுன்னு கெடக்கு, ஒரு பொறி போதும். முக்கியமா பேரிங்க பாருங்க. கிரீஸ் இல்லாம சூடான பேரிங்க சுத்தி அடைஞ்சிருக்க தூசில கங்கு பிடிச்சு உள்ளுக்குள்ளயே பொகையும், முன்னாடி டிராக்டர்ல உக்காந்திருக்கவருக்கு லேசுல தெரியாது, தெரியும்போது கட்டு பாதி எரிஞ்சிருக்கும். அதனால காலைலயே கிரீஸ் அடிச்சுருங்க, ரோலர் ஓரத்துல சுத்திக்கிட்ட கயித்த அறுத்து எடுங்க, சைலன்சர் பக்கம் ஒட்டுன தூசிய வண்டி ஆறுனப்புறம் தட்டி விடுங்க. எதுக்குமே இன்ஜின ஆஃப் பண்ணி, பிடிஓ (டிராக்டர்ல இருந்து மிஷின சுத்த வைக்கிற தண்டு) நின்னு, சாவிய எடுத்தப்புறம்தான் கைய வைக்கணும், இதுல அவசரமே வேணாம்ப்பா. மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது புறங்கைய பேரிங் கிட்ட கொண்டு போய் பாருங்க, தொடாதீங்க, ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா மாத்திட்டுத்தான் மறுபடி ஓட்டணும். கருகுன வாட வந்தா அப்பவே நிறுத்திருங்க.

தீய அணைக்கிற 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் ஒண்ணு டிராக்டர்லயே இருக்கட்டும். அதுக்கு அடங்கலன்னா மிஷின விட்டுட்டு தள்ளி வந்து 101க்கு அடிங்க, மிஷின் போனா வாங்கிக்கலாம்.

ஈரமான வைக்கோல் கட்ட படப்புல அடுக்காதீங்க, தானா சூடேறி பத்திக்கிரும். லோடு ஏத்துறவங்ககிட்டயும் சொல்லுங்க, தாழ்வா தொங்குற கரண்ட் கம்பி உள்ள ரோட்டுல உசரமா ஏத்திட்டு போக வேணாம்.