ஏஐ சரி, சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் ஏஐ பற்றி வாரத்துக்கு இரண்டு செய்தியாவது வந்துவிடுகிறது. வேலை போய்விடும் என்பார் ஒருவர், போகாது என்பார் இன்னொருவர். நான் கோவையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் கிளவுட் சர்வர்களை, அதாவது இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். எனக்கு இருக்கிற பயத்தைப் பற்றி யாரும் எழுதுவதாகக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன்.

கிளவுடில் இருக்கும் ஏஐ சேவையை எங்கள் புரோகிராம்கள் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு நீளமான ரகசியக் குறியீடு வேண்டும். ஏபிஐ கீ என்போம், சாவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது யார் கையில் இருந்தாலும், வந்திருப்பது நாங்கள்தான் என்று அந்தப் பக்கம் நம்பிக் கதவைத் திறந்துவிடும். போன மாதம் எங்களிடம் இப்படி எத்தனை சாவி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நாலு இருக்கும் என்று நினைத்தேன், பதினொன்று இருந்தது. அதில் ஒன்று, எட்டு மாதத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போன ஒரு தம்பி சோதனைக்காகப் போட்டு, அவசரத்தில் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தது. அந்தக் குழுவில் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர்கூட இன்னும் இருக்கிறார்! சாவியை ரத்து செய்துவிட்டு, ஏதாவது நின்றுபோனதா, யாராவது சத்தம் போடுகிறார்களா என்று இரண்டு நாள் காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. யாருக்குமே தேவைப்படாத சாவி, வாடிக்கையாளர்களின் பில்லும் கடிதமும் இருக்கிற இடத்துக்கான சாவி, எட்டு மாதமாக அங்கே கிடந்திருக்கிறது.

சின்னக் கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று தோன்றலாம். சரி, மைக்ரோசாஃப்ட் கதையைக் கேளுங்கள். அங்கே ஏஐ ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்று, படங்களை அடையாளம் காணும் ஏஐ மாடல்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று, புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு இணைப்பைக் கொடுத்தது. அந்த இணைப்போடு ஒட்டியிருந்த டோக்கன், அதுவும் ஒரு வகைச் சாவிதான், மாடல் இருந்த பெட்டியை மட்டும் திறக்காமல் முழுக் கிடங்கையும் திறந்துவிட்டது. 38 டெராபைட். இரண்டு ஊழியர்களின் கம்ப்யூட்டர் பேக்கப், பாஸ்வேர்டுகள், டீம்ஸ் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் ஊழியர்கள் பேசிக்கொண்ட 30,000க்கும் மேற்பட்ட செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. பார்க்க மட்டுமல்ல, அழிக்கவும் மாற்றவும்கூட அனுமதி இருந்தது. நினைத்திருந்தால் மாடலிலேயே யாராவது விஷத்தைக் கலந்திருக்க முடியும். விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 ஜூனில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மூடினார்கள். வாடிக்கையாளர் தகவல் எதுவும் வெளியே போகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது, அதை நம்புவோம். அந்த டோக்கன் காலாவதியாக வேண்டிய ஆண்டு என்ன தெரியுமா? 2051.

2025 ஜனவரியில் டீப்சீக் என்ற சீன ஏஐ நிறுவனத்தின் ஒரு தரவுதளம் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததும், அதில் ஜனங்கள் ஏஐயிடம் பேசியதெல்லாம் இருந்ததும் இதே ரகம்தான்.

இதற்கெல்லாம் ஜீரோ டிரஸ்ட், அதாவது யாரையும் சும்மா நம்பாதே, என்று ஒரு முறை இருக்கிறது. ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010இல் முன்வைத்தது, அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2020இல் இதற்கென்று தனி ஆவணமே போட்டது. இப்போது இதை ஏதோ டப்பாவில் அடைத்த பொருள் மாதிரி விற்க வருகிறார்கள், கடையில் வாங்குகிற சமாசாரம் இல்லை அது. பேங்க் லாக்கருக்குப் போய்ப் பாருங்கள். இருபது வருஷப் பழக்கம், மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போய்வந்தவர் என்றாலும் ஒவ்வொரு தடவையும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் சாவி உங்கள் லாக்கரை மட்டும்தான் திறக்கும். கம்ப்யூட்டருக்கும் அதே வழக்கம்தான். ஆபீஸுக்குள் இருந்து வருகிறது என்பதற்காக எதையும் உள்ளே விடாதே, ஒவ்வொரு தடவையும் யார் என்று கேள், தேவையான அளவுக்கு மட்டும் திற, நேரம் முடிந்ததும் பூட்டு.

ஏஐ வந்த பிறகு இதில் ஒரு சிக்கல் கூடிவிட்டது. முன்பெல்லாம் உள்ளே வருகிற ஆளைச் சந்தேகப்பட்டால் போதும், இப்போது உள்ளேயே உட்கார்ந்திருக்கும் உதவியாளரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 2025 ஜூனில் வெளியான எக்கோலீக் என்ற ஓட்டை அப்படிப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட் நம் மெயில், ஃபைல் எல்லாவற்றையும் படித்துப் பதில் சொல்லும். வெளியாள் ஒருவர் சாதாரண மெயில் மாதிரி ஒன்றை அனுப்பி, அதற்குள் கோபைலட்டுக்கான கட்டளையை ஒளித்து வைத்தால் போதும், நாம் எதையும் கிளிக் செய்யாமலே உள்ளே இருக்கிற தகவலை வெளியே அனுப்ப வைக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதைச் சரிசெய்துவிட்டார்கள், யாரும் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் யார் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் அப்படியே செய்கிற புதுப் பையனிடம் பீரோ சாவிக் கொத்தைக் கொடுக்கலாமா? அவன் கெட்டிக்காரன்தான், கெட்டவனும் இல்லை. அன்றைக்கு வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எங்கள் ஆபீஸில் கொண்டுவந்த நாளிலிருந்து எனக்குத் திட்டுதான். மணிக்கொரு தரம் லாகின் கேட்கிறதாம், டெமோ நடுவில் டோக்கன் காலாவதி ஆகிவிட்டதாம். திட்டட்டும்.

2025 தொடக்கத்தில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. தடை போடுவது சுலபம், ஆள் தன் சொந்தப் போனில் அதையே செய்துவிட்டுப் போவார். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைச் சரியாகப் பாதுகாக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் நோயாளியின் ஸ்கேனையும் ஏஐயில் ஏற்றுகிற இடங்களில் எத்தனை பேருக்குத் தங்களிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று தெரியும்?

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எங்காவது ஏஐ வசதியைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்தால், போட்டோ எடுத்த கையோடு, அதன் சாவி என்றைக்குக் காலாவதியாகும் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். 2051 என்று பதில் வராமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
கிளவுட் வேலை பார்க்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்