அணிக்கோவை தெரிந்த மாணவிக்காக ஒரு மடல்

மதிப்பிற்குரிய பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் உயர்கல்வித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் நான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்த என் மாணவி ஒருத்தி, தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, இனிமேல் கல்லூரிக்குப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா அவளை என்னிடம் அழைத்து வந்தார்.

முதல் பருவக் கணித நோட்டை வாங்கிப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதப்பட்டவை எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. பேராசிரியர் வாயால் விளக்கியவற்றுக்காக விட்டிருந்த இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஓரத்தில், காதில் விழுந்தபடியே 'டிடர்மினன்ட்', 'கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன்' என்று தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். "மூலைவிட்டத்தில் லாம்டாவைக் கழித்து, அந்த அணிக்கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தும்மா, அவ்வளவுதான்" என்றேன். சற்று நேரம் தாளையே பார்த்தவள், "இது அணிக்கோவையா சார்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். 'டிடர்மினன்ட்' என்பது அணிக்கோவையின் ஆங்கிலப் பெயர்தான். பதினொன்றாம் வகுப்பில் அதே அணிக்கோவையைத் தமிழில் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், இத்தனை நாளும் தனக்குக் கணக்கே வராது என்று நம்பியிருக்கிறாள்.

புதுமுக மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்திருக்கும் அறிமுகப் பயிற்சி 3 வாரம். அவள் கல்லூரியில் அது நான்கு நாளில் முடிந்திருக்கிறது. மாற்றத்தை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விருந்தினர்கள் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார்கள். வெளியூரையும் விடுதியையும் முன்பின் தெரியாத அறைத்தோழிகளையும் அவள் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். மாற வேண்டியவள் அவள் மட்டும்தானா ஐயா?

நான் கேட்பது ஒன்றுதான். அந்த 3 வாரத்தில், கணிதம், இயற்பியல், வேதியியல் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே அச்சிட்டுக் கொடுத்து, முதல் பருவம் முடியும்வரை வகுப்பில் இரண்டு சொற்களையும் சொல்லிப் பாடம் நடத்துங்கள். இதற்குப் புதிதாகக் குழு அமைக்க வேண்டியதில்லை; மேல்நிலை வகுப்புப் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்குள் போக ஒரு படி வையுங்கள் என்கிறேன்.

இந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021 முதல் அரசே ஏற்கிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் இடமும் பணமும் கொடுத்துவிட்டுச் சொல்லைக் கொடுக்காமல் விட்டால், முதல் பருவத்திலேயே அரியர் விழுகிறது. அரியர் நிலுவையில் இருப்பவர்களைப் பல நிறுவனங்கள் வளாக நேர்காணலுக்கே அழைப்பதில்லை. பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரமில்லை என்று பேசுகிறார்கள். எங்கள் உழைப்பையும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும் அப்படிப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் மறுபடியும் பேருந்து ஏறிவிட்டாள். நான் கையால் எழுதிக்கொடுத்த நாற்பது சொற்கள் கொண்ட தாள் அவள் பையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்கு அந்தத் தாளை, முதல் நாளிலேயே, தங்கள் கல்லூரி கொடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர்