பொருட்காட்சி நடந்த இடம்

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் அம்மா கொடுத்தனுப்பிய ரசப்பொடியும் வந்து சேர்ந்தன. வாசனை பிடித்து மேல்மாடி டோரீன் அன்று மாலையே கதவைத் தட்டிவிட்டார். எண்பதைத் தாண்டியவர். ரசத்தை டீ குவளையில் ஊற்றி, பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுகிறார்! நான் ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் பேச ஒரு ஆள் வேண்டாமா?

குளிர் பரவாயில்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டால் பகலில் ஹீட்டரே தேவையில்லை. பழைய அறை ரொம்பப் பெரிசு, பெருக்கி மாளாது, அதனால்தான் இங்கே மாறினேன். வேறு எதுவும் நினைக்காதே.

ஜன்னலுக்கு வெளியே லண்டன் எர்ல்ஸ் கோர்ட் பொருட்காட்சி வளாகம் இருந்த இடம். 1937-இல் திறந்த ஹாலை 2014-ஓடு மூடி இடித்துவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1895-இல், அங்கே 'இந்தியப் பேரரசு' என்று ஒரு கண்காட்சி. கூடவே 300 அடி ராட்டினம். மறு வருஷம் அது ராத்திரி முழுக்க நின்றுபோய், மேலே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்தார்களாம். நானாக இருந்தால் தினமும் ஏறியிருப்பேன்.

இப்போது அங்கே வீடுகள் வரப்போகின்றன, வயதானவர்களுக்கென்று தனியாகவும் உண்டு என்று பேச்சு. டோரீன் 1980-களில் அந்த ஹாலில் 'ஐடியல் ஹோம்' கண்காட்சியில் அடுப்பு விற்றவர். "கால் கடுக்க நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சாகிறேனே" என்கிறார். ஆனால் இங்கே முதியோர் குடியிருப்பு என்றால் பெரும்பாலும் குத்தகைதான், நிலம் நம்முடையது ஆகாது. பராமரிப்புக் கட்டணம் தனி. பல இடங்களில் விற்கும்போது விலையில் ஒரு பங்கைக் கம்பெனிக்குக் கட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டு அப்பா அம்மாவைக் கோயம்புத்தூர் முதியோர் வில்லாவில் வைப்போம் என்கிற அண்ணன், அப்பாவை ஒரு வார்த்தை கேட்டானா? நம்ம அண்ணா நகரும் பொருட்காட்சியால் வந்ததுதானே. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சிக்குத் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு போய், புது டவரில் ஏறிய கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அப்புறம் ஹவுசிங் போர்டு மனை போட்டதும் தாத்தா அங்கேயே வாங்கினார். இன்றைக்கும் காலையில் டவர் பார்க்கில் நடந்து, பெஞ்சில் நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டுத்தான் அப்பாவுக்குக் காபி. கோயம்புத்தூரில் யாரோடு சண்டை போடுவார்?

நேற்று ராத்திரி தீவுத்திடல் பொருட்காட்சி டெல்லி அப்பளம் ஞாபகம் வந்து தூக்கம் போயிற்று. நீ வாங்கித் தருவாய், முக்கால்வாசி நான் தின்பேன், உதடெல்லாம் மிளகாய்த்தூள் எரியும். இங்கே அப்பளம் பொரித்தால் புகை அலாரம் அடிக்கிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது அக்கா.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். யுடிஎஸ், அதாவது நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை வாடகை யார் தருவது, எல்லாம் எழுத்தில் வரட்டும். மாமா ஒரு வக்கீலிடம் காட்டட்டும். வில்லாவில் டெபாசிட் திரும்ப வருமா, ஒருவர் போன பிறகு மற்றவர் அங்கேயே இருக்கலாமா என்று அண்ணனை விசாரிக்கச் சொல்.

இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்க்கில் ஏதோ கோளாறு. அம்மாவிடம் சொல்லாதே. அப்பாவின் கண் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், அதற்குத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி