போர்க்காயம் ஏட்டில் ஏறாமல் விடுபட்ட முன்னாள் படைவீரர்களுக்கு ஆவணமும் மருத்துவச் சான்றும் பெற்றுத்தரக் கோரும் மனு

அனுப்புநர்
திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள்
(கையொப்பங்களும் ராணுவ எண்களும் தனித்தாளில்),
மதுரை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம், மதுரை.

நகல்: முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்கள், மதுரை.

பொருள்: 1965, 1971 போர்களிலும், இலங்கையில் இந்திய அமைதிப்படை நடத்திய ஆபரேஷன் பவனிலும் காயம்பட்டவர்களின் காயத்தைப் போர்க்காயமாகப் பதிவு செய்யத் தேவையான பழைய ஆவணங்கள், மருத்துவப் பரிசோதனை, பெயர்ச் சான்று ஆகியவற்றுக்கு மாவட்ட நிர்வாகத்தின் உதவி கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

போர்க்களத்தில் காயம்பட்டு, அது போர்க்காயம் என்று எந்த ஏட்டிலும் ஏறாமலே பென்ஷன் வந்தவர்களும், பென்ஷனே இல்லாமல் வந்தவர்களும் எங்கள் மூன்று வட்டங்களிலும் இருக்கிறார்கள். 1971 டிசம்பரில் இருபது வயதில் இருந்தவர் இன்று எழுபத்தைந்தை ஒட்டி நிற்கிறார். 1965-இல் அடிபட்டவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இவர்களுக்குப் புதிதாக எதையும் ஒதுக்கித்தரும்படி நாங்கள் கேட்கவில்லை. போர்க்காய ஓய்வூதியம் என்பது 1972 ஆணையிலிருந்தே இருக்கிறது. அதை வாங்கவிடாமல் நிற்பது காகிதக் குறை ஒன்றுதான். அதைத் தீர்க்கும் வேலைகளில் பாதி மாவட்ட நிர்வாகத்தால் ஆகக்கூடியவை என்பதால் தங்களிடம் வந்திருக்கிறோம்.

குறை எங்கே விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். காயம்பட்டவரை யூனிட்டின் முதலுதவி நிலையத்துக்குத் தூக்கி வருவார்கள். அங்கிருந்து ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற கள மருத்துவ யூனிட், பிறகு பேஸ் ஆஸ்பத்திரி, கடைசியில் கமாண்ட் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்கும். முதலுதவி நிலையத்திலேயே குண்டுச் சில்லைப் பிடுங்கிக் கட்டுப்போட்டு மறுபடி அணிக்கு அனுப்பப்பட்டவருக்கு அந்த வரி கிடையாது. சண்டை ஓய்ந்ததும் யூனிட்டில் காய அறிக்கையை நிரப்பியிருக்க வேண்டும். யூனிட் இடம் மாறிக்கொண்டிருந்தபோது பலருக்கு அது நிரப்பப்படவில்லை. நிரப்பிய இடத்திலும் ‘பேட்டில் கேஷுவல்டி’ என்று எழுத வேண்டியதை ‘பிஸிக்கல் கேஷுவல்டி’ என்று எழுதிவிட்டால், குண்டடியும் கூடைப்பந்து மைதானத்தில் கால் பிசகியதும் ஒரே கணக்கில் போய்விடுகின்றன.

அந்த ஒரு சொல்லால் என்ன வித்தியாசம் என்றால்: 1996 ஜனவரி 1-க்குப் பின் பணிக்காலம் முடித்து வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பவனில் அடிபட்டவர்கள் பலர் இந்தக் கணக்கில் வருவார்கள். அவருடைய குறைபாடு 20 சதவீதம் என்று ராணுவ மருத்துவ வாரியம் சொன்னால், 50-க்குக் கீழே இருப்பதால் அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இந்த உயர்த்தல் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10-ஆம் தேதி ராம் அவதார் வழக்கில் உறுதிசெய்தது. ஓய்வூதியக் கணக்குக்கு எடுக்கும் ஊதியம் 100 ரூபாய் என்று வைத்தால், பென்ஷனில் ஊனத்துக்காகச் சேரும் சாதாரண ஊனக் கூறு 15 ரூபாய், போர்க்காயக் கூறு 30 ரூபாய். காயத்தால் இடையிலேயே வெளியேற்றப்பட்டவருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது: சாதாரணக் கணக்கில் அதே 15, போர்க்காயத்தில் 50.

கண்ணிவெடி விஷயத்தில் ஒரு தவறான பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. ‘எதிரி சுட்டால்தான் போர்க்காயம், நம்ம ஆள் புதைத்த வெடியில் மிதித்தால் அது விபத்து’ என்று வயதானவர்களிடம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதம் காயங்களை ‘ஏ’ முதல் ‘இ’ வரை (ஆங்கில A முதல் E வரை) ஐந்து வகையாகப் பிரிக்கிறது. எல்லையோரக் களப்பகுதியில் நம் படையே புதைத்த கண்ணிவெடியைப் புதைக்கும்போதோ எடுக்கும்போதோ கடக்கும்போதோ வெடித்தாலும், அது எதிரியின் குண்டு பட்ட அதே ‘இ’ வகையில்தான் வருகிறது. அரசு தனியே அறிவித்த ராணுவ நடவடிக்கைகளில் பட்ட காயமும் அதே வகைதான். இன்னொன்று, 2023 செப்டம்பர் 21-இல் வந்த புதிய தகுதி விதிகளைக் காட்டி இவர்களை மறுப்பதும் சரியல்ல. அவை அந்தத் தேதிக்குப் பின் பணியிலிருந்து வந்தவர்களுக்கானவை.

இனி ஆவணங்கள். மனுதாரர் கையில் பெரும்பாலும் இருப்பது டிஸ்சார்ஜ் புத்தகமும், பென்ஷன் வாங்குபவராக இருந்தால் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையும்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்கள் எழுதிய பக்கத்தை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-இல் கிழக்கு முனையிலும், பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனையிலும் அவர் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று. இலங்கை என்று பட்டை போட்ட விதேஷ் சேவா மெடல் பவனுக்குச் சான்று. களத்தில் இருந்ததை இப்படி நிறுவிவிட்டால், மிச்சம் நிறுவ வேண்டியது காயத்தை மட்டுமே.

காயத்தின் காகிதம் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகமான ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியியல் படையான இ.எம்.இ.க்கு செகந்திராபாத். தனி ஆளாக எழுதினால் வரும் பதில் ஒரே வரிதான்: பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுக் கெடு முடிந்து அழிக்கப்பட்டன. அதோடு ஓய்ந்துவிடக் கூடாது. கேட்கிற முறையில் கேட்டால் கிடைக்க வழியிருக்கிறது. ‘லாங் ரோல்’ என்ற நிரந்தரப் பதிவேடு அழிக்கப்படுவதில்லை. அதன் சுருக்க நகலைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காயத்தை அறிவித்த யூனிட் ஆணையான ‘பார்ட் டூ ஆர்டர்’, வெளியேற்றத்தின்போது நடந்த மருத்துவ வாரியப் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் குறித்துக் கேட்க வேண்டும். ‘எல்லா ஆவணமும் அனுப்பவும்’ என்று எழுதினால் எதுவும் வராது. யூனிட்டின் போர் நாட்குறிப்புகளைப் பொறுத்தவரை, 25 ஆண்டு கடந்தவற்றைப் பொதுவாக ரகசிய நிலையிலிருந்து விடுவிக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு யூனிட் பெயரும் தேதியும் குறித்து எழுதினால், அந்த நாளில் காயம்பட்டவர்கள் பற்றிய குறிப்பைத் தேடச் சொல்லலாம்.

இந்தக் கடிதங்கள் தங்கள் கையொப்பத்தில் நேர்முகக் கடிதமாகப் போக வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. ஒவ்வொருவருக்கும் ராணுவ எண், பதவி, யூனிட், காயம்பட்ட தேதி அல்லது மாதம், இடம் ஆகியவற்றை நாங்களே ஒரு தாளில் எழுதித் தந்துவிடுகிறோம். ராணுவ எண்ணில் முன்னால் வரும் எழுத்தும் கடைசி எழுத்தும் விடுபடாமல் தட்டச்சு செய்யும்படி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுகிறோம். அந்த ஓர் எழுத்து இல்லாததால் திரும்பி வந்த கடிதங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, மருத்துவப் பரிசோதனை. இதில்தான் நல்ல விண்ணப்பங்களும் கெட்டுப்போகின்றன, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். காலில் சில்லு இருக்கிறது என்று முதியவர் சொன்னதும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, ‘புதிய எலும்பு முறிவு இல்லை, வயது சார்ந்த தேய்மானம் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் பொய் எழுதவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி தவறு. எங்களுக்கு வேண்டியது வேறு: முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் இரண்டு கோணத்தில் படம், சில்லு எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், எலும்பிலா தசையிலா, தோலின் மேல் பழைய தழும்பு எங்கே, எவ்வளவு நீளம், தழும்பும் சில்லும் ஒரே பாதையில் பொருந்துகின்றனவா, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, உணர்ச்சி மரத்த இடம் எது. கெண்டைக்காலில் உளுந்துப் பருப்பு அளவு உலோகத் துண்டும், அதற்கு நேர் வெளியே வெள்ளிக்காசு போல் மினுங்கும் தழும்பும் இருப்பதை ஒரு வரியில் எழுதிவிட்டால், அது வயதால் வந்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் உறை கொண்ட கண்ணிவெடியின் துண்டுகள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. அவர்களுக்கு அந்த இடத்தில் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காது கேளாமையும் இப்படித்தான். எழுபத்தைந்து வயதில் ஆடியோகிராம் எடுத்தால் வயதுக் கேளாமையும் வெடிச் சத்தத்தால் வந்ததும் கலந்துதான் தெரியும். செவிப்பறையில் பழைய கிழிசலின் தழும்பு இருக்கிறதா, ஒரு காது மட்டும் கூடுதலாகக் கெட்டிருக்கிறதா என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் தனியாக எழுத வேண்டும்.

எனவே அரசு இராசாசி மருத்துவமனையிலிருந்து ஓர் எலும்பியல் மருத்துவர், ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் கொண்ட குழுவை உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் இடத்துக்கு ஒரு நாள் அமர்த்தித்தர வேண்டுகிறோம். ஊன சதவீதத்தை அவர்கள் போட வேண்டாம். அது ராணுவ மருத்துவ வாரியத்தின் வேலை, வெளியிலிருந்து சதவீதம் எழுதினால் அதை அவர்கள் ஏற்பதில்லை. கண்ணால் கண்டதை அளவோடு எழுதினால் போதும். இந்தச் சான்றால் இன்னொரு நன்மையும் உண்டு. உடம்பில் இரும்புச் சில்லு இருப்பவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைப்பது ஆபத்து. காந்தம் அதை இழுத்து நகர்த்தும். பக்கவாதம் வந்து பேச முடியாமல் தூக்கிவரப்படும் முதியவருக்குள் சில்லு இருப்பது காகிதத்தில் இருந்தால்தான் ஸ்கேன் எடுப்பவருக்குத் தெரியும். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் கத்தும்போது மட்டும் தெரிவது போதாது.

மூன்றாவது, பெயர்ச் சிக்கல். ராணுவத்தில் சேரும்போது அப்பா பெயரைப் பின்னால் சேர்த்து, முழுப்பெயரை இரண்டாக உடைத்து, ஹிந்தி கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் தலைப்பெழுத்தோடு உள்ள பெயர் இன்னொன்று. ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இரண்டும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, இரு பெயரும் ஒருவரே என்று வட்டாட்சியர் அளவில் சான்று தர உத்தரவிட வேண்டுகிறோம். பிறந்த தேதி வேறுபட்டால் ராணுவத் தேதியைத் திருத்த முயலக் கூடாது. ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவதே குறுக்கு வழியில்லாத நேர்வழி.

அன்றைய சண்டையில் உடனிருந்தவர்களின் சாட்சியமும் எடுபடும். நோட்டரி முன் அளிக்கும் பிரமாணப் பத்திரத்தில் தேதி, இடம், எந்த உறுப்பில் அடி, யார் தூக்கிச் சென்றது என்பவை இருக்க வேண்டும். ‘நல்ல வீரர், காயம்பட்டார்’ என்று மட்டும் எழுதியது செல்லாது. சாட்சிகள் வெளி மாவட்டத்தில் இருந்தால், அந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அதைப் பெற்றுத்தர உதவி இயக்குநர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும். மறுபரிசீலனை வாரியத்துக்குச் சென்னை வரச்சொல்லிக் கடிதம் வந்தால், தனியே பயணிக்க முடியாதவர்களுக்கு ஒரு வாகனமும் உடன் ஓர் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தால் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, அதன்பின் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று வழி இருக்கிறது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, இத்தனை காலம் கழித்துக் கேட்பவருக்கு நிலுவை பொதுவாக மூன்றாண்டுக்குத்தான் கிடைக்கும். ஆக, ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒரு மாத நிலுவை போய்விடும். மனுதாரர் இறந்துவிட்டால் அவர் உடம்பைப் பரிசோதிக்க எந்த வாரியமும் கூட முடியாது. இந்தக் காரணத்தால், இம்மனுவைப் பெற்ற தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகையை இன்றே ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக வழங்கவும், மருத்துவக் குழு அமரும் நாளை அடுத்த முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு முன்பே அறிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் படைவீரர்கள்
திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டங்கள்

இடம்: மதுரை

இணைப்பு: கையொப்பத் தாள், டிஸ்சார்ஜ் புத்தக நகல்கள் (பதக்கப் பக்கம் உட்பட), ஆளுக்கு ஒரு விவரத் தாள்.