கானாடுகாத்தான் சுவரைத் தொட வைத்தவர்களுக்கு

வணக்கம். வியாசர்பாடியில் பூச்சு வேலை செய்யும் நாங்கள் பதினோரு பேர், சித்தாள் அக்காக்கள் மூன்று பேரையும் சேர்த்து, போன மாதம் கரணையைக் கீழே வைத்துவிட்டுக் காரைக்குடிப் பக்கம் இருக்கிற செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் போய்வந்தோம். நேரில் நன்றி சொல்லியும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பிராட்வே பெயிண்ட் கடை அண்ணாச்சிக்கு. பல்லவன் ரயில் டிக்கெட் முழுக்க அவர் செலவு. "வேலைக்காரன் நல்ல வேலையைக் கண்ணால பார்க்கணும்டே" என்றார், அவ்வளவுதான்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனையைத் தெருவில் நின்றே பார்த்தோம். குடும்பத்தாரின் சொந்த வீடு, உள்ளே விடச் சொல்லிக் கேட்பது முறையில்லை. 1907-இல் நம்ம பாரிமுனையில் இந்தியன் வங்கியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவராம். தினமும் அங்கே பஸ் மாறுகிற எங்களுக்கு இது கானாடுகாத்தான் போய்த்தான் தெரிந்தது. வெட்கம்தான்.

அடுத்த தெரு ஆச்சி, "ஏன் வெயில்ல நிக்கிறீக, உள்ள வாங்க" என்று தன் வீட்டைத் திறந்துவிட்டார். முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்தெருக் கதவு தெரிகிறது. நூல் பிடித்த மாதிரி ஒரே நேர். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். கட்டிப்பிடித்தால் கை எட்டவில்லை. ஆனால் நாங்கள் அசையாமல் நின்றது சுவர் முன்னால். எவர்சில்வர் தட்டு மாதிரி சில்லென்று இருந்தது. ஒரு அக்கா கன்னத்தை வைத்துப் பார்த்தார், முகம் மங்கலாகத் தெரிந்தது.

அது எப்படி என்று காட்டியவர் ஆத்தங்குடிப் பெரியவர், பழைய கொத்தனார். சுண்ணாம்பும் மணலும் முதல் பூச்சு. கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி சேரும். மேலே போகப்போகக் கலவை மாவாகும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும்; அதை வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஒரு நாளில் முடிக்கிற சுவருக்கு அவர்கள் எத்தனை நாள் குனிந்திருப்பார்கள்! தரைக்கல் பட்டறைக்கும் அவரே கூட்டிப் போனார். அச்சுக்கு அடியில் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் பளபளப்புதான் கல்லில் இறங்குகிறது. சூளையே கிடையாது.

அப்புறம், பஞ்சரான வேனை வெயிலில் சரிசெய்துவிட்டு வாடகையையும் குறைத்துக்கொண்ட காரைக்குடி டிரைவர் தம்பிக்கும் நன்றி.

ஆச்சி, அடுப்படிப் பக்கம் யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டிய இடம் உப்பிப் பெயர்ந்து நிற்கிறதே. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். தை பிறந்ததும் நான்கு பேர் வருகிறோம். கூலிப் பேச்சே வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்பை இங்கேயே ஊறப்போட்டாச்சு. முட்டையை மட்டும் அங்கே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடி பூச்சு மேஸ்திரி