ஜூன் மாதம் என் கடையில் கூட்டம் கூடக் கூடாது

வேலூர் மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

குடியாத்தத்தில் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் பில், பான் கார்டு, பட்டா நகல் என்று மற்ற மாதங்களில் ஓடும் கடை, மே பத்தாம் தேதிக்கு மேல் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், பக்கத்தில் அம்மா. அந்தக் கவரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில்தான் அந்தப் பிள்ளையின் அடுத்த நான்கு வருடம் இருக்கிறது. பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்காது.

அந்த ஒரு மாத வருமானத்தில்தான் நான் வருடத்து வாடகையில் பாதியைக் கட்டுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்த வேலை என் கடைக்கு வரவே கூடாது, உங்கள் பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

2025-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு மே 7 அன்று தொடங்கியது. பிளஸ் டூ ரிசல்ட் வந்தது மே 8. அதாவது மதிப்பெண் தெரிவதற்கு முந்தின நாளே கதவைத் திறந்துவிட்டார்கள். பெயர், முகவரி, சாதி, வருமானம், ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகள் என்று அந்தப் படிவம் கேட்கிற முக்கால்வாசிக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசித் தேதி ஜூன் 6. எங்கள் கடையில் கூட்டம் நெரிந்தது ஜூன் 4, 5, 6-ல்.

அப்படி ஒரு ஜூன் ஆறாம் தேதி சாயங்காலம் பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல மதிப்பெண். கொடுத்த போன் நம்பர் அப்பாவுடையது. அவர் லாரி ஓட்டுபவர், அன்றைக்கு எங்கேயோ ஆந்திரா பக்கம், போன் ஸ்விட்ச் ஆஃப். ஓடிபி வந்தால்தானே உள்ளே போக முடியும்? அம்மா பீடி சுற்றுகிறவர். கடைத் திண்ணையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் போட்டுக்கொண்டே இருந்தார். இரவு ஒன்பதரைக்கு அப்பா போனை எடுத்தார். சரி, அன்றைக்குத் தப்பித்தாள். தப்பிக்காதவர்களின் கதையும் எனக்குத் தெரியும், அதை எழுத மனசு வரவில்லை.

பிள்ளைகளுக்குத் தெரியாதது கணக்கோ இயற்பியலோ இல்லை. அதை நீங்கள் நன்றாகத்தான் சொல்லித்தருகிறீர்கள். தெரியாதது இதுதான்: எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, அது எப்போது முடிகிறது. பொறியியலுக்குப் பதிவு செய்துவிட்டால் வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு வேறு தளம், வேறு விண்ணப்பம். வேளாண்மைக்கு வேறு, கால்நடை மருத்துவத்துக்கு வேறு, சட்டத்துக்கு வேறு, நர்சிங்குக்கு வேறு. போன வருடம் ஒரு பையன், "நீட் எழுதலை அண்ணா, அதனால நர்சிங் கிடையாதுல்ல" என்று தானே முடிவுகட்டிக்கொண்டு வந்தான். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்று நான் சொன்னபோது கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பிரவுசிங் கடைக்காரன் சொல்லி ஒரு பிள்ளை இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்னொரு பக்கம், சில கதவுகள் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே மூடிவிடுகின்றன. என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான 2025 ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் 2024 நவம்பரிலேயே முடிந்தது. நீட்டுக்கு மார்ச் 7. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு வேண்டிய கியூட் தேர்வுக்கும் மார்ச்சிலேயே முடிந்துபோனது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பொதுத்தேர்வில் மூழ்கியிருந்தார்கள், நீங்களும்தான். ரிசல்ட் வந்த பிறகு என்னிடம் வந்து "திருவாரூர்ல சேரணும்" என்றால் நான் என்ன செய்ய?

இது எனக்கே நடந்தது என்பதால்தான் இவ்வளவு கோபம். 1998-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். அப்போது பொறியியலுக்குத் தனியாக நுழைவுத்தேர்வு. நான் படித்த பள்ளியில் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் வாயைத் திறக்கவில்லை. பிளஸ் டூ மார்க் வாங்கினால் போதும் என்று இருந்தேன். ரிசல்ட் வந்த அன்று விசாரித்தால், அந்தத் தேர்வு நடந்தே முடிந்திருந்தது. 2007-லிருந்து அந்தத் தேர்வு இல்லை. கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குக் கட் ஆஃப் கணக்குப் போட்டு இடம் தருகிறார்கள். எங்கள் காலத்தைவிட எளிதுதான். ஆனால் அந்தக் கட் ஆஃபைத் தானே கணக்குப் போடத் தெரியாத பிளஸ் டூ பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். மொத்தம் 480 என்கிறார்கள். இந்த மூன்று பாடத்தில் எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

அப்புறம் சான்றிதழ்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அழுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் பட்டதாரி சான்று இருந்தால் பொறியியலில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து மேலே அனுப்ப வேண்டும். மே மாதத்தில் மாவட்டமே அதற்கு விண்ணப்பிக்கிறது, ஒரு வி.ஏ.ஓ. எத்தனை பேர் வீட்டைப் பார்ப்பார்? அதையே டிசம்பரில் போட்டால் பத்து நாளில் கையில் இருக்கும். மலைப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஒடுகத்தூரில் இதே தொழில் செய்யும் நண்பர் சொல்வார், பீஞ்சமந்தை பக்கத்திலிருந்து இறங்கி வரும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்று தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், விசாரணை நடக்கும், நாளாகும் என்று. அந்தச் சான்று வேண்டும் என்பது அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே பள்ளிக்குத் தெரியும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எட்டு வரை ஒரு ஊர், பத்து வரை ஒரு ஊர், பிளஸ் டூ வேறு ஊர் என்றால் மூன்று தலைமையாசிரியர்களின் கையெழுத்து. மே விடுமுறையில் உங்களை எங்கே தேடுவது? ஒரு பையன் ஒரு கையெழுத்துக்காக ஒரு தலைமையாசிரியரின் சொந்த ஊருக்கே பஸ் ஏறிப் போனான். அவர் நல்ல மனிதர், சாப்பாடு போட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பினார். சாப்பாடு எல்லோருக்கும் கிடைக்காது.

பெயரில் ஒரு வம்பு இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலில் நீங்கள் ஏற்றுகிற பெயர்தான் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், பேங்க் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. கல்லூரி சேர்ந்த பெண்களுக்கான புதுமைப்பெண், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். கணக்கு செத்துப் போயிருந்தால் காலேஜ் சேர்ந்து ஆறு மாதம் அதற்கே அலைவார்கள்.

பொறியியல் கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போட்டுக் கொடுக்கிற விருப்பப் பட்டியல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கட் ஆஃப் 142 வைத்திருந்த ஒரு பையன் மூன்றே மூன்று கல்லூரி போட்டிருந்தான், பாகாயம் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியும் அதில் ஒன்று. ஏன் மூன்று என்றால், "நிறையப் போட்டா ஏதாவது ஒண்ணைத் தள்ளிவிட்டுருவாங்க அண்ணா" என்றான். வரிசைப்படி மேலிருந்து பார்த்துத்தான் இடம் தருவார்கள், ஐம்பது போட்டாலும் முதலில் போட்டதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புரோக்கர் அவனுடைய ஒரிஜினல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, தான் சொல்கிற காலேஜில்தான் சேர வேண்டும் என்றார். மீட்டுக்கொண்டு வரப் பத்தாயிரம் ஆனது.

வேலூரில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வெளிமாநிலப் பிள்ளைகளைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே படிக்க வந்து சேரத் தெரிகிறது அவர்களுக்கு. கே.வி.குப்பத்துப் பிள்ளைக்குப் பத்து மைல் தாண்டத் தெரியவில்லை.

கல்லூரிக் கனவு என்று உயர்கல்விக்கு வழிகாட்டுகிற முகாம் நடத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு மண்டபத்தில் ஒரு நாள் மைக்கில் கேட்டது ஜூன் மாதத்தில் நினைவிருக்காது. நான் கேட்பது வேறு. பிளஸ் ஒன் அரையாண்டு முடிந்ததும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போடச் சொல்லுங்கள். சொந்த ஈமெயில், கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு போன் நம்பர், சாதிச் சான்று, பேங்க் கணக்கு. பிளஸ் டூ டிசம்பருக்குள் முதல் பட்டதாரி சான்றும் அந்தப் பழைய பள்ளிக் கையெழுத்துகளும். ரிசல்ட் வந்த வாரம் பள்ளியின் ஹைடெக் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வையுங்கள். விடுமுறையில் ஆசிரியர்களை வரச் சொல்வது கஷ்டம், தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள், காலேஜ் படிக்கிற அண்ணன்மார் அக்காமார் இருக்கிறார்கள். போன வருடம் இதே படிவத்தை நிரப்பியவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்.

நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை கிடையாது. ஸ்கேனரும் பிரிண்டரும் என் வண்டியிலேயே வந்துவிடும். பேப்பர் மட்டும் பள்ளியில் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்